கேட்க மட்டும் தெரிந்த செட்

கசகசாவில் பாதிதான் இருக்கும் அது. செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கே அதைப் பார்க்க பூதக்கண்ணாடி விளக்கு வேண்டியிருந்தது. என் கையடக்க ரேடியோவைத் திறந்து, பலகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அந்தத் துணுக்கைச் சூடு வைத்து இடுக்கியால் எடுத்தேன். தொலைந்துவிடக் கூடாதென்று செல்லோடேப்பில் ஒட்டினேன். எடுத்ததும் செட் தன் நினைவில் இருந்த சேனல்களையெல்லாம் மறந்துவிட்டது. திரும்பப் பதிந்தபோது, எனக்குப் பேச உரிமையில்லாத ஒரு சேனலைத்தான் முதலில் பதிந்தேன்.

என்னிடம் அமெச்சூர் ரேடியோ உரிமம் உண்டு. பரீட்சை எழுதி, அலைந்து திரிந்து வாங்கியது. எங்களுக்கென்று ஒதுக்கிய சின்ன அலைவரிசைக்குள் மட்டும் பேசலாம். கோட்டைப்பட்டினத்தில் நின்றுகொண்டு அந்த வரிசையில் நாள் முழுக்கக் கூப்பிட்டாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. ஆனால் அதே செட் அதைவிட அகலமாகக் கேட்கும். படகுகளில் வைத்திருக்கும் செட்டுகளின் பேச்சு எங்கள் மொட்டைமாடி ஏரியலில் தெளிவாக வந்து விழும். பதில் பேசத்தான் முடியாது. அந்தத் துணுக்கு தடுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் கடலில் இருந்து ஒருவர், "கரையில மழையா, யாருக்காச்சும் தெரியுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் மாடியில் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றேன். "பெய்யுதுங்க" என்று செட்டைப் பார்த்துச் சொன்னேன். யாருக்குக் கேட்டது? அன்றிலிருந்து என் கை சும்மா இருக்கவில்லை. கடையில் யாருடைய போனைத் திறந்தாலும் மனம் என் செட்டைத் திறந்துகொண்டிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நான் சொல்லப்போகும் காரணம் உண்மைதான், ஆனால் காரணம் கிடைப்பதற்கு முன்பே எனக்கு ஆசை இருந்தது.

என் அக்காவை நான் லாத்தா என்பேன். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான். அவளும் மச்சானும் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தார்கள், இரண்டு வீட்டுக்கும் மொட்டைமாடி ஒன்றுதான். மச்சான் விசைப்படகு ஓட்டினார். வீட்டில் அவர் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. சாப்பாடு, தண்ணி, வாரேன், போறேன். இருபது வருஷக் குடித்தனத்தை இந்த நான்கு சொற்களில் நடத்திவிட்டார் என்று நான் கிண்டல் செய்வேன். ஒரு நாள் பிற்பகல் அசர் தொழுகை முடிந்த நேரம், லாத்தா காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு வந்தாள். செட்டில் ஒரு குரல் யாரையோ கலாய்த்துக்கொண்டிருந்தது. கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"தம்பி, அது அவரு கொரலுதானே?"

அவர்தான். பக்கத்துப் படகுக்காரரிடம், "எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா மாப்ள. அவ ரசம் வச்சான்னா காய்ச்சல்காரன் எந்திரிச்சு ஒக்காந்துருவான். மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா? அப்பறம் தெனம் ரசந்தான்" என்றார். லாத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படகு போகிற நாளெல்லாம் அதன் பிறகு அவளுக்குக் காயப்போடத் துணி இருந்தது. ஏற்கெனவே காய்ந்த துணியைக்கூட நனைத்துக் கொண்டுவந்தாள் என்று இப்போதும் எனக்குச் சந்தேகம். அவர் வீடு திரும்பியதும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி சோறு போடுவாள். காட்டிக்கொடுத்துவிடும் என்று ரசம் மட்டும் வைக்க மாட்டாள்.

படகுப் பேச்சில் எங்கள் ஊர்ப் பெண்கள் சேர்வதில்லை. கரையிலிருந்து அதை யாரும் கேட்டுக்கொண்டிருப்பதும் மரியாதை இல்லை. கடலுக்குள் போனவர்கள் தங்களுக்குள் என்ன பேசினாலும் அது கடலோடு என்பது எழுதாத ஏற்பாடு. அதனால்தான் மச்சான் அங்கே அப்படிப் பேசினார். அதனால்தான் ஒரு சனிக்கிழமை இதையும் பேசினார்: "மூணு நாளா நெஞ்சுல ஒரு மாதிரி இறுக்குது மாப்ள. எடது கை மரத்துப் போகுது. வீட்டுல சொல்லிராத, பயந்துருவா."

லாத்தா அன்று அழவில்லை. அவர் கரைக்கு வந்ததும் நேராகக் கேட்டுவிடு என்றேன். முடியாது என்றாள்.

"நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்னு தெரிஞ்சா அப்பறம் அங்கிட்டும் வாயத் தொறக்க மாட்டாரு. எனக்கு வேற எங்கிட்டுப் போயி அவரு கொரலக் கேக்க? நீ பேசாம இரு."

அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. தனக்கு நெஞ்சு வலிக்கிறதென்று நடித்து, துணைக்கு அவரையும் அழைத்துக்கொண்டு புதுக்கோட்டை டாக்டரிடம் போவது. அங்கே வைத்து அவரையும் பார்க்கச் சொல்வது. அதற்கும் அடுத்த வாரத் திங்கட்கிழமைக்குத்தான் டோக்கன் கிடைத்தது. நல்ல திட்டம்தான். ஆனால் இடையில் படகு கடலுக்குப் போகிற புதன் இருந்தது, இன்னொரு சனி இருந்தது. அந்த வாரம் முழுக்க நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. வெள்ளிக்கிழமை கடையை அரை நாள் அடைத்துவிட்டு செட்டைத் திறந்தேன். லாத்தாவிடம் சொல்லவில்லை. ஆபத்துக்கு உதவும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை அசருக்குப் பிறகு அவர் குரல் வந்தது. மூச்சு வாங்கியது. "இன்னைக்கு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு மாப்ள. எங்க பசங்க வலைய இழுக்கட்டும், நான் செத்த நேரம் படுக்கறேன்." லாத்தா கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் பொத்தானை அழுத்தினேன்.

"மச்சான், நான்தான். படகத் திருப்புங்க. லாத்தா பக்கத்துல நிக்கிது. எங்களுக்கு எல்லாம் தெரியும்."

விரலை எடுத்ததும் சேனலில் ஒரு சத்தமும் இல்லை. பத்துப் படகாவது அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருந்திருக்கும். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. லாத்தா என் கையிலிருந்த செட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "எல்லாம் தெரியும்னு ஏன்டா சொன்ன?" என்று மட்டும் கேட்டாள்.

படகு திரும்பியது. பொழுது சாயும்போது கரைக்கு வந்து, காரில் புதுக்கோட்டை போய், அன்றைக்கே இதயக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்தார்கள். திங்கட்கிழமை வரை தாங்கியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். தெரியாது என்றார். தாங்கியிருக்காது என்று அவர் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எத்தனையோ பேரிடம் பொய் சொல்கிற உலகத்தில் என்னிடம் ஒரு பொய் சொல்ல அவருக்கு மனமில்லை.

அதற்குப் பிறகு நான் அந்தச் சேனலைத் திருப்பினால் இரைச்சல்தான் வந்தது. வேறு எங்கோ மாறிவிட்டார்கள். தேடிப் பிடித்தபோது மீன், காற்று, வலை தவிர வேறு பேச்சில்லை. யாராவது வீட்டுக் கதை எடுத்தால் இன்னொருவர், "கரை கேக்குதுப்பா" என்பார். உடனே அடங்கிவிடுவார்கள். என் உரிமத்தின் மேல் யாரும் புகார் செய்யவில்லை. செய்திருந்தால் ஒரு தண்டனையோடு தீர்ந்திருக்கும். நானே துணுக்கைத் திரும்ப அதன் இடத்தில் பற்றவைத்தேன்.

மச்சான் என்னைத் திட்டியதே இல்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். டாக்டர் கடலுக்குப் போகக் கூடாது என்றதால் இப்போது வீட்டோடு இருக்கிறார். மாத்திரை, நடை, தொழுகை, தூக்கம்.

போன வாரம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். லாத்தா ரசம் வைத்திருந்தாள். மச்சான் இரண்டு முறை வாங்கிக் குடித்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தபடி கரண்டியோடு நின்றாள். அவர் கை கழுவிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

"நீதான் ஆளக் காப்பாத்திக் குடுத்த. நான் இல்லங்கல" என்று எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே லாத்தா சொன்னாள். "ஆனா தம்பி, பேசுனவரு இன்னும் கரைக்கு வரலடா."