ஆடி மாசமும் கோதண்டத்தின் ரெக்கார்டிங் பெட்டியும்

பருத்திப்பட்டு ஏரிக்குப் போகிற தெருவில் கோதண்டத்தைத் தெரியாதவர்கள் இல்லை. அவர் வாயிலிருந்து "முடியாது" என்ற வார்த்தையைக் கேட்டவர்களும் இல்லை. அப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அதில் கீழ்த்தளத்து வீடு ஒன்று அவருக்கு வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் மெஷின் பழுது பார்க்கும் ஃபிட்டர் வேலை. ஐம்பத்திரண்டு வயதாகியும், எந்த இயந்திரத்தைக் கண்டாலும் புறங்கையை வைத்துச் சூடு பார்க்காமல் தாண்டிப் போகமாட்டார். ஒரு கல்யாணத்தில் இட்லிக் கொப்பரையிலும் வைத்துப் பார்த்தார், அது வேறு கதை.

அவர் வீட்டு டிவிக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. மாடி வீட்டு நிர்மல், கரூர்க்காரர், ஐ.டி. கம்பெனியில் வேலை. அவர் தூக்கிப் போட இருந்ததைக் கோதண்டம் வாங்கி, டிவி நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும் பெட்டியாக்கிவிட்டார். ஏதாவது ஒரு வார்த்தையை அதனிடம் கொடுத்துவிட்டால் போதும், நிகழ்ச்சிப் பட்டியலில் அந்த வார்த்தை எங்கே வந்தாலும் தானாகவே பதிந்துகொள்ளும். பதிந்த பிறகு விளம்பரம் வருகிற இடங்களைத் தேடிப் பிடித்து வெட்டிவிடும். விளம்பரம் இல்லாத சீரியல் என்றால் சும்மாவா? தெருவில் பதினேழு வீட்டுக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவைத்து, பென் டிரைவில் வாங்கிப் போனார்கள்.

இந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பழைய பாவம் இருக்கிறது. கல்யாணமான மறுவருஷம் அவர் மனைவி ராணி ஒரு டிவி போட்டியில் கலந்துகொண்டு, மூன்று கேள்விக்குப் பதில் சொல்லி ஒரு குக்கர் ஜெயித்தாள். அதைக் கோதண்டம் வீடியோ கேசட்டில் பத்திரமாகப் பதிந்தார். பத்தாம் நாள் அதே கேசட்டின் மேல் ஒரு கிரிக்கெட் மேட்சையும் பத்திரமாகப் பதிந்தார். ராணி திட்டியிருந்தால் பரவாயில்லை, நாலு நாளில் சரியாகியிருக்கும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்து மூன்று வருஷமாகப் பேசவில்லை. அதுதான் மனுஷரைக் குடைந்துகொண்டே இருந்தது.

இப்போது ராணி மறுபடி டிவியில் வரப் போகிறாள். ஜூன் மாதம் ஒரு சின்ன சேனல்காரர்கள் வந்து, அவள் கூழும் கருவாட்டுக் குழம்பும் செய்வதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆடி மூன்றாம் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஒளிபரப்பு. ஒரே தடவைதான், இன்டர்நெட்டில் எல்லாம் போடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ராணிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. சென்னீர்குப்பத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை; அன்றைக்குத்தான் கூட்டம் நெரியும்.

"நீதான் எடுத்து வெக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

கோதண்டம் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டுப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். ஏனென்றால், ஆடி பிறந்ததிலிருந்தே பெட்டிக்கு உடம்பு சரியில்லை.

அதன் மூளையான பிராசஸர் எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று ஒரு கோடு திரையில் ஓடும். இரண்டு வருஷமாக நாற்பதைத் தாண்டாத கோடு, இப்போது அறுபது, எண்பது என்று ஏறியது. இரண்டாம் வெள்ளிக்கிழமை தொண்ணூற்றேழு. அன்று பதிந்த சீரியலில் மாமியார் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, மருமகள் பேசுவது விக்கல் மாதிரி வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் இப்படியே ஆனால் ராணியின் கதி என்ன?

கோடு ஏறத் தொடங்கிய நாளிலேயே, பட்டறைப் பழக்கம் கை கொடுக்கும் என்று நம்பி ஒரு நோட்டுப் போட்டிருந்தார். வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் சதவீதத்தைக் குறித்தார். புறங்கையை வைத்தார், சுட்டது. புளோயரால் தூசியை ஊதினார், சூடு குறைந்தது, சதவீதம் குறையவில்லை. அணைத்துப் போட்டார், பத்து நிமிஷம் சாதுவாக இருந்துவிட்டு மறுபடி ஏறியது. விளம்பரம் வெட்டும் வேலைதான் மூளையைத் தின்கிறது என்பது வரைக்கும் கண்டுபிடித்தார். ஆனால் அந்த வேலையை இரண்டு வருஷமாகச் செய்துகொண்டுதானே இருக்கிறது, இப்போது மட்டும் என்ன கொள்ளை வந்தது என்று புரியவில்லை.

நிர்மல் வந்து பார்த்துவிட்டு, பேசாமல் பதினேழு வீட்டையும் ஒரு வாரம் நிறுத்தி வைத்துவிட்டு அக்காவோடதை மட்டும் எடுங்கள் என்றார். நல்ல யோசனைதான். கோதண்டத்துக்குத்தான் மனசு வரவில்லை. கொடுத்த வாக்கு ஒருபக்கம். நோவு எங்கே என்று தெரியாமல் மெஷினை ஓட்டினால் அது நேரம் பார்த்துக் காலை வாரும் என்ற பயம் இன்னொரு பக்கம்.

சனிக்கிழமை சாயங்காலம் வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. நோட்டை அவர் மாட்டியிருந்தது தினசரி காலண்டர் தொங்கும் அதே ஆணியில். எடுத்துப் புரட்டினார். செவ்வாய் எண்பத்தொன்று. புதன் அறுபது. வியாழன் ஐம்பத்தைந்து. வெள்ளி தொண்ணூற்றேழு. அதற்கு முந்தின வாரமும் செவ்வாய், வெள்ளி, ஞாயிறுதான் உச்சத்தில் இருந்தன. மெஷினுக்குக் கிழமை தெரியுமா என்று யோசித்தபடியே காலண்டரில் அன்றைய தாளை விரலால் தூக்கி மறுநாளைப் பார்த்தார். ஆடி ஞாயிறு என்று சிவப்பில் போட்டிருந்தது. அப்படியே நின்றுவிட்டார்.

ஓடிப்போய்ப் பெட்டியில் பதினேழு வீட்டு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதிர்வீட்டு நாகம்மாளுக்காக இந்த வருஷம் சித்திரையில் போட்டது பதினோராவதாக இருந்தது. அந்தம்மா பரம்பரையாக இங்கேயே பயிர் வைத்த குடும்பம், அம்மன் கோயிலே கதி என்று இருப்பவர். அம்மன் எங்கே வந்தாலும் எடுத்து வை என்று கேட்டிருந்தார். கோதண்டமும் யோசிக்காமல் "அம்மன்" என்று போட்டு வைத்தார். சித்திரையில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டுதான் மாட்டியது. ஆடி பிறந்ததும் விட்டார்களா? அம்மன் பாட்டு, அம்மன் படம், அம்மன் கோயில் நேரலை என்று காலையிலிருந்து எல்லாச் சேனலிலும் அம்மன்தான். அத்தனையையும் பதிந்து, அத்தனையிலும் விளம்பரம் வெட்டி, மிச்சத்தை மறுநாளைக்கும் தள்ளிக்கொண்டு பெட்டி மூச்சு வாங்கியிருக்கிறது. நாளைக்கு மட்டும் முப்பத்தொரு நிகழ்ச்சி மாட்டியிருந்தது. பதினொரு மணிக்கு மூன்று.

சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஆடி மாசத்தில் அம்மனை நிறுத்துவதா? அதுவும் நாகம்மாள் கேட்டதை? ஆனால் ராணியின் குக்கர் ஞாபகம் வந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாகம்மாள் கோயில் வாசலில் மறுநாள் கூழுக்குக் கேழ்வரகு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். கோதண்டம் செருப்பைக் கழற்றிவிட்டு, தொண்டையைச் செருமி, விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லி, கடைசியில் வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னார்.

"நாளைக்கு உன்னோடத எடுக்க முடியாதுக்கா."

நாகம்மாள் கரண்டியை நிறுத்தவே இல்லை. "அட, அத்த சொல்லவா இவ்ளோ தூரம் வந்த? மாசம் பூரா நானே அவகிட்டதான் கீறேன். டிவில எங்க பாக்கறது? எடுத்து கடாசு நைனா."

ஞாயிற்றுக்கிழமை கோடு முப்பத்தெட்டில் படுத்துக் கிடந்தது. ஆனாலும் கோதண்டம் விடவில்லை. பத்தேமுக்காலிலிருந்து பெட்டி முன்னால் நோட்டோடு உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் சதவீதத்தைக் குறித்தார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. பதினொன்றரைக்கு நிகழ்ச்சி முடிந்ததும்தான் எழுந்து தண்ணீர் குடித்தார்.

மூன்று மணிக்கு ராணி வந்தாள். நாகம்மாள் கொடுத்தனுப்பிய கூழைக் குடித்தபடி இரண்டு பேரும் பார்க்க ஆரம்பித்தார்கள். படம் கண்ணாடி போல இருந்தது. கருவாட்டைக் கழுவுகிற ராணி, புளி கரைக்கிற ராணி, நிகழ்ச்சி நடத்தும் பெண்ணையே வேலை வாங்குகிற ராணி. அந்தப் பெண் கேட்டாள், உங்கள் வீட்டுக்காரர் இதை ஆசையாகப் பார்ப்பார் இல்லையா என்று.

திரையில் ராணி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "அவரு எங்க பாக்கறது? பொட்டியதான் பாத்துகினு இருப்பாரு. முன்ன ஒரு தபா நான் டிவில வந்தத அழிச்சிட்டு கிரிக்கெட்ட எடுத்துட்டாரு. அந்த பயம் அவருக்கு இன்னும் போவல."

கோதண்டம் மடியில் இருந்த நோட்டைப் பார்த்தார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. அரை மணி நேரத்தில் அவர் பார்த்தது அது மட்டும்தான். இருபத்து மூன்று வருஷம் வீட்டில் வாயைத் திறக்காதவள் நாடு பூராவும் கேட்கச் சொல்லிவிட்டாள். அதை ஒரு எழுத்து விடாமல் பதிந்து வைத்திருப்பதும் அவரேதான். வெட்கமாக இருந்தது. ஆனால் நெஞ்சில் இத்தனை காலம் கிடந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்தது போலவும் இருந்தது.

ராணி கூழைக் குடித்து முடித்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"இது அழியாதுல்ல?"

"அழியாது" என்றார் கோதண்டம்.

நோட்டை மூடி ஓரமாக வைத்தார். அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, முதலிலிருந்து போடச் சொன்னார். இந்தத் தடவை ராணியைப் பார்த்தார்.