ஒநேசிமு என்றொரு பதில்

தங்கச் சுரங்கத்தை மூடிய வருஷம் பிறந்தவன் அவன். அப்பா கொர்னேலியஸ் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தார். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான கோரமண்டலின் குழாயடியில் அம்மா ஞானசுந்தரியை நிறுத்தி, "சோத்துக்கே வழியக் காணோம், இப்ப இது இன்னாத்துக்கு உதவும்னு பெத்துக்கினே?" என்று கேட்டுவிட்டாள் ஒருத்தி.  ஞானசுந்தரி குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஞானஸ்நானத்தில் ஆஸ்டின் என்று சொல்வதாகத்தான் வீட்டில் பேச்சு. போதகர் பெயர் கேட்டதும் புருஷனை முந்திக்கொண்டு அவள் சொன்னாள்: "ஒநேசிமு." வேதத்தில் வருகிற, எஜமானை விட்டு ஓடிப்போன அடிமையின் பெயர். கிரேக்கச் சொல்; உதவுகிறவன் என்று அர்த்தம். "உதவுமான்னு கேட்டா இல்ல? நான் புள்ளையக் கூப்பிடறப்பல்லாம் அவ காதுல வுழட்டும்" என்றாளாம், கோயில் வாசலிலேயே.

அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவனும் அவன்தான். பெங்களூரு ஆபீஸில் சேர்ந்த அன்று அங்கே பெயர் பதிந்த ஷில்பா அந்தப் பெயரைச் சொல்ல இரண்டு தரம் தடுமாறினாள். "ஓனிஷ்னே போட்டுக்கோங்க" என்று அவனே எடுத்துக் கொடுத்தான். அடையாள அட்டையிலும் அதுவே ஏறியது.

போன வாரம் ஒருநாள் போனை வீட்டிலேயே மறந்துவிட்டு, தினமும் வேலைக்குப் போகிற ரயிலில் ஏறிவிட்டான். மதியம் கூட வேலை பார்க்கும் ரூபேஷோடு டீ குடித்துவிட்டு லிஃப்டுக்குக் காத்திருந்தபோது முன்வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. அடுத்த ரயிலைப் பிடித்துப் போனைக் கொண்டுவந்திருந்தாள்.

"ஒநேசிமுப்பா. கோரமண்டல்ல இருந்து வரானே!"

வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்றாள்.

"இன்னா பேரு மச்சி இது? இருமல் மருந்தா?" என்று ரூபேஷ் கிசுகிசுத்தான்.

அவனும் சிரித்தான். லிஃப்டின் கதவு திறந்தது. உள்ளே போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகும் ஓர் எழுத்தும் ஓடவில்லை. கீழே ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டு வாசலிலேயே, "நீ இல்லாத ஆபீஸுல பூந்துட்டேன்னு நெனச்சேன்" என்று போனை நீட்டினாள். "ரயில்ல திரும்பி வரப்ப இது அடிச்சுது. ஷில்பாவாம். 'ஓனிஷ் இருக்காரா'ன்னுது. ராங் நம்பருன்னு வெச்சுட்டேன். மறுபடியும் அதே பொண்ணு, அதே பேரு. அப்பறந்தான் வெளங்கிச்சு."

"அம்மா, அது வந்து..."

"கஷ்டமா இருந்தா சொல்லியிருக்கலாம் இல்ல? நான் எவளுக்கோ வெச்ச பேரு. நீ எதுக்கு செமக்கணும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். லிஃப்டு பக்கம் தான் நின்றதைச் சொல்லிவிட வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.  ஆனால் தலைகுனிந்து ஷூவைக் கழற்றினான்.

அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.  பிறகு, புதுச் சொல்லை வாயில் பழக்குகிறவளைப் போல மெதுவாகக் கூப்பிட்டாள்.

"ஓனிஷு, டீ குடிக்கிறியா?"

அந்தப் பெயருக்குத் திரும்பக் கூடாது என்று நினைப்பதற்குள் அவன் திரும்பிவிட்டிருந்தான்.