யப்பான்காரி வீடு

சண்டை நின்ற சமாதானக் காலத்தில் பாதை திறந்ததும், நயினாதீவுப் புத்த விகாரைக்குப் போகிற தெற்குச் சிங்களச் சனம் பஸ் பஸ்ஸாக வந்திறங்கியது. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பக்கத்தில் நாங்களும் ஒரு சின்னக் கடை போட்டோம். அம்மா துணியில் பூக்கள் வரைவார். நானும் அக்காவும் அதைப் பைகளாகத் தைப்போம்.

எங்கள் பக்கத்தில் கடைக்கு ஊர்க்கோயில் சாமியின் பெயரைத்தான் வைப்பார்கள். அக்காவும் அம்மன் பெயரைச் சொன்னாள். அம்மா கேட்கவில்லை.

"யப்பான்காரி வீடு எண்டு எழுதுங்கோ."

அம்மாவின் தகப்பன் மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்தபோது ஒரு யப்பான்காரியை மணந்தவர். உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர் அந்தப் பெண்ணை யப்பானுக்கு அனுப்பிவிட, தகப்பன் கைக்குழந்தையான அம்மாவோடு ஊருக்கு வந்துவிட்டார். அன்றைக்கு ஊர் எங்கள் வீட்டுக்கு வைத்த பட்டப்பெயர் அது. அதற்காக நான் பள்ளிக்கூடத்தில் எத்தனை சண்டை பிடித்திருப்பேன்!

"உங்களுக்கென்ன விசரா அம்மா? வேற பேரே கிடைக்கேல்லையா?" என்று கத்தினேன்.

"என்ர அம்மாவின்ர பேரை அப்பா கடைசிவரைக்கும் சொல்லேல்லை, பிள்ளை. என்னட்ட வேற என்ன கிடக்கு? அவவின்ர ஆக்கள் ஆரும் இந்தப் பக்கம் வந்தால் கண்டுபிடிக்கவேணுமல்லோ."

பலகையில் பெயர் பெரிய சிவப்பு எழுத்தில் ஏறியது. பஸ் வரும்போதெல்லாம் அம்மா தலையைச் சீவிக்கொண்டு வாசலில் நின்று, இறங்குகிற முகங்களைப் பார்ப்பார்.

ஒருநாள் உண்மையாகவே சில யப்பானியப் பெண்கள் வந்தார்கள். அம்மாவின் வயதுக்காரி ஒருத்தி பையொன்றை வாங்கினார். அம்மா பலகையை விரலால் காட்டினார். அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தார், சிரித்தார், குனிந்து வணங்கிவிட்டுப் படகுக்குப் போனார்.

பலகை முழுக்கத் தமிழில் இருந்தது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா காட்டிய விரலை இன்னும் இறக்கவில்லை.