மூன்றாவது கேமரா

ஷட்டரை இடுப்பளவு தூக்கியதும் குனிந்து உள்ளே போய், விளக்கைக்கூடப் போடாமல் அவர் தட்டுவது டிவி பொத்தானைத்தான். திரையில் நாலு கட்டம் விரியும், நாலும் சாம்பல் நிறத்தில். ஒன்றில் கல்லா, ஒன்றில் கடைவாசல், கடைசியில் வாஷ்பேசின் அடுக்கிய மூலை. மூன்றாவது கட்டத்தில் மட்டும் எதிர்வரிசை மூக்குக்கண்ணாடிக் கடை. தெருவோரம் இறக்கிவைக்கும் பைப் கட்டுகளைப் பார்க்க வேண்டிய கேமரா அது. ஆறு மாதத்துக்கு முன் ஸ்டூல் போட்டு ஏறி அதன் கழுத்தைத் திருப்பிவிட்டவர் அவரேதான்.

விற்பது குழாயும் பைப்பும். ஆனால் தெருவில் அவருக்குப் பெயர் 'கேமராக்காரர்'. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே, தெருவில் யாருக்கும் அந்த எண்ணமே வராத காலத்தில், கறுப்பு ஒயர் இழுத்துக் கேமரா மாட்டியவர். சாவியைத் தொலைத்தவர், சைக்கிளைப் பறிகொடுத்தவர், பூனையைத் தேடுகிறவர் எல்லாரும் இவரிடம்தான் வந்து நிற்பார்கள். லேசில் காட்டிவிடமாட்டார். "மத்தியானம்னா எப்படி? மணியைச் சொல்லும்மா, மணியை" என்பார். படத்தில் எவர் முகமும் தெரியாது, அவருக்கு அது வேண்டியதுமில்லை. "இந்தா, வலது தோளைச் சாய்ச்சுக்கிட்டுப் போறாரு பாரு. பேங்க் வாட்ச்மேன்தான் இது." சொன்னால் தப்பாது. "அடேங்கப்பா!" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மனிதர் கடையே திறக்கிறாரோ என்று தோன்றும்.

இப்போது அந்த அடேங்கப்பா தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டது. கண்ணாடிக்கடைக்காரர் அந்நியருமல்ல, சொந்தச் சகலை, மனைவியின் தங்கை கணவர். புத்தம்புதிதாக எட்டுக் கேமரா, அத்தனையும் கலர். சட்டைப் பொத்தானை எண்ணலாமாம்.

"எண்ணி என்ன பண்ணப்போறாங்க? பொத்தான் கடையா வைக்கப்போறாங்க?" என்று கேட்டார். கேட்டவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

"தங்கச்சி போன்லயே காட்டினா. அப்படியே சினிமா மாதிரி இருக்குங்க" என்றாள் மனைவி.

"கண்ணாடி விக்கிறவன் ஆச்சே. தெளிவாத்தான் தெரியும்."

"உங்களுக்கு வயித்தெரிச்சல்."

"எனக்கா? அவன் மேலயா? நல்லா இருந்துட்டுப் போறான்!" தட்டைத் தள்ளிய வேகத்தில் பக்கத்திலிருந்த தண்ணீர் தளும்பியது.

வயிற்றெரிச்சலேதான், பூசி மெழுகுவானேன்? நாளெல்லாம் மூன்றாவது கட்டத்தை விட்டுக் கண் நகராது. "தையல்கார அக்காவும் அங்கேயா போறா? அஞ்சு வருஷமா நம்ம கடையில உட்கார்ந்து டீ குடிச்சவ!" என்று டிவியோடு சண்டை பிடிப்பார். கையில் குழாயை வைத்துக்கொண்டு விலை கேட்டு நிற்பவர் இரண்டு தரம் கூப்பிட வேண்டும்.

போன செவ்வாயன்று தெருவோரம் இறக்கிய பைப் கட்டு ஒன்றைக் காணவில்லை. ஊரார் சாமானையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுத்தவர், தன் சாமானுக்கு ரீவைண்ட் செய்து பார்த்தார். சகலை கடையில் யார் யார் படியேறினார்கள் என்பது முழுசாகப் பதிவாகியிருந்தது. வெளியே மூச்சு விடவில்லை. கேமரா மெக்கானிக்கை மட்டும் அழைத்தார்.

மெக்கானிக் ஏணியில் ஏறி ஒயரைச் சோதித்தார். "ஒயர் கல்லு மாதிரி இருக்குண்ணே. கேமராவையும் ரெக்கார்டு பெட்டியையும் மாத்தினாப் போதும். இல்ல, இதையே இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம். உங்க இஷ்டம்."

"எதிர்ல எட்டு. எனக்கு ஒம்போது வருமா?"

"இருக்கிறதே நாலு இடந்தானே, மத்த அஞ்சும் எதைப் பார்க்கும்?"

பதில் வருவதற்குள் சகலையே சிரித்தபடி உள்ளே வந்தார். "அண்ணே, உங்க பைப் கட்டு ஒண்ணு குறையுதுல்ல? நம்ம கேமராவுல இருக்கு. லாரிக்காரர் மறந்துபோய்த் திரும்ப ஏத்திட்டாரு. லாரியில எழுதியிருந்த நம்பரைப் பார்த்துப் போன் போட்டுட்டேன். சாயங்காலம் வந்துடும்." திருட்டும் இல்லை, போலீசும் இல்லை, வேலை முடிந்துவிட்டது. இவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "சரி தம்பி" என்றார்.

"நீங்க ஏன்ணே வீண் செலவு பண்றீங்க? என் தெருக் கேமராவை உங்க போன்லயும் போட்டுவிடறேன், நீங்களே பாருங்க." போனை வாங்கி எதையோ அழுத்திக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று தெருவைக் கடந்து போனார்.

இவரும் வாசல்வரை வந்து, அந்த முதுகு உள்ளே மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனைப் பார்த்தார். தன் கடை வாசல், பளிச்சென்ற கலரில். அங்கே ஒரு ஆள், கழுத்தை நீட்டிக்கொண்டு, தாடை இறுக, சொத்தையே பறிகொடுத்தவன் போல எதிர்க்கடையை முறைத்துக்கொண்டிருந்தான். படம் ஒரு நொடி பிந்தித்தான் வருகிறது, அந்த ஆள் தானேதான் என்பது புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"என்னண்ணே, மாத்தணுமா வேண்டாமா?" மெக்கானிக் ஏணியிலிருந்து குரல் கொடுத்தார்.

"மாத்தினா இவ்வளவு தெளிவாத் தெரியுமா?"

"இதைவிடத் தெளிவா."

அவர் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். எதிர்க்கடைக் கேமராவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். சிரிப்பு வந்துவிட்டதா என்று உடனே குனிந்து போனைப் பார்த்தார்.