விளிம்பில் இருந்த ஓட்டைகள்

மொன்றியல் அருங்காட்சியகம் ஒன்றில்தான் அந்தக் காவலாளியைச் சந்தித்தேன். ஒல்லியான ஈழத்து மனிதர். சும்மா நிற்கும்போதெல்லாம் விரலால் நெற்றியைக் குறுக்கே தடவிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பழங்காலக் கிரேக்கப் படைவீரன் ஒருவனின் வெண்கலத் தலைக்கவசம். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த சம்பந்தியாருக்கு நான்தான் விளக்கம். பக்கத்தில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை இருந்தது. வாசித்தால் மரியாதை குறைந்துவிடும் என்று அந்தப் பக்கமே பார்க்கவில்லை. விளிம்பைச் சுற்றியிருந்த சின்ன ஓட்டைகளைக் காட்டி, "எல்லாம் அம்பு துளைச்சது" என்றேன். சம்பந்தி வாயைப் பிளந்தார். அந்த உற்சாகத்தில் அம்பு வந்த திசையையும் காட்டினேன்.

சம்பந்தி அடுத்த அறைக்குப் போகும்வரை பொறுத்திருந்துவிட்டுக் காவலாளி என்னிடம் வந்தார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. அம்பு இப்பிடி வரிசையாய் வருமே? உது உள்ளுக்குத் துணி வைச்சுத் தைக்கிற ஓட்டை."

என் மானத்தைக் காப்பாற்றியவருக்கு நன்றி சொல்லவில்லை. "உமக்கு எப்பிடித் தெரியும்?" என்று முறைத்தேன்.

"துணி இல்லாட்டில் விளிம்பு நெத்தியை வெட்டும். நானும் ஒருகாலம் இரும்புத் தொப்பி போட்டனான்."

விரல் மறுபடியும் நெற்றிக்குப் போனது. அங்கே மெல்லிய தழும்பு ஒன்று.

எந்தச் சண்டையில் என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டு, அதுவரை திரும்பிப் பார்க்காத அட்டையைக் குனிந்து வாசிக்கத் தொடங்கினேன்.