'அந்தாவா' என்று திருத்தினேன்

வில்லியனூர் வகுப்பில் இத்தாலிய மொழி சொல்லித்தர வந்து பத்து நாள்தான் ஆகிறது. இன்று இறந்தகாலத்தில் ஒரு வகையை நடத்தினேன். தமிழில் 'அப்போதெல்லாம் போவார்' என்போமே, அதற்கானது.

வீட்டில் ஒருவரைப் பற்றி அந்த வகையில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன்.

செல்விக்குப் பாகூர்ப் பக்கம் கடலோரக் கிராமம். இத்தாலியில் முதியவர்களைக் கவனிக்கும் வேலைக்காகப் படிக்கிறார். 'என் கணவர் மீன் பிடிக்கப் போகிறார்' என்று எழுதியிருந்தார். 'போகிறார்' என்பதற்கு அந்த மொழியில் 'வா'. அதை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் 'அந்தாவா' என்று திருத்தினேன்.

"இன்னா சார் தப்பு?"

"முன்னாடி போவாரு, இப்ப போறதில்லன்னா இப்படித்தான்மா எழுதணும்."

"இப்பவும் போயிதான் சார் கீறாரு. அஞ்சு மாசம் ஆவுது. அவரு போன போட்டு மட்டும் கெடச்சுது."

மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கவில்லை.

"மன்னிச்சிக்கம்மா."

"பரவால்ல சார். எங்க மாமியாரே 'எம்புள்ள இருந்தான்'னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. நீங்களாச்சும் 'வா'ன்னே வுட்டுடுங்க. நமக்கு அதுக்கு வேற அர்த்தம் சார்."

சிவப்பு மை அழியவில்லை. புதிய தாளில் அவருடைய வாக்கியத்தை நானே எழுதி, முழு மதிப்பெண் போட்டுக் கொடுத்தேன்.

வேலைக்காக அவர் எழுதப்போகும் தேர்வுத் தாளைத் திருத்தப்போவது நானில்லை, இத்தாலியில் இருக்கும் யாரோ ஒருவர். அவருக்கு இதை எந்தக் காலத்தில் எழுதி விளக்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.