வெயில் காலத்து அட்டை

அந்த வருஷம் நான் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. காலையில் எழுந்தேன், ரொட்டி சுட்டேன், மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன், கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். சாகிறவள் செய்கிற வேலையா இதெல்லாம்?

பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் நான். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். தீபாவளிக்கு வருவார், பலகாரம் தீர்வதற்குள் போய்விடுவார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், ஒரு காம்பராவில் நானும் மகளும்தான். மகள் அப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

மாதத் தீட்டு எனக்கு ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஒன்று. நாற்பதைத் தாண்டிய பிறகு அது தன் இஷ்டத்துக்கு ஆடத் தொடங்கியது. ஐந்து நாளில் நிற்க வேண்டியது பத்துப் பன்னிரண்டு நாள் போனது. நின்றுவிட்டது என்று தலைக்கு ஊற்றிக்கொண்டால் அடுத்த வாரமே திரும்பி வந்தது. லயத்துப் பெண்களிடம் கேட்டேன். "நிக்கப் போற காலம்ல, அப்படித்தான் அள்ளிக் கொட்டிட்டு நிக்கும்" என்றார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னதால் நானும் அதோடு விட்டுவிட்டேன்.

மழை மாதங்களில் எங்கள் மலையில் அட்டைக்குப் பஞ்சமே இல்லை. காலில் எவ்வளவு சவுக்காரத்தைத் தேய்த்துக்கொண்டு போனாலும் கணுக்காலில் ரத்தம் வழியாமல் ஒருத்தியும் வீடு திரும்பமாட்டாள். அதை யாரும் உற்றுப் பார்ப்பதும் இல்லை. நனையாமல் இருக்க இடுப்பைச் சுற்றி நாங்கள் படங்கு கட்டியிருப்போம். ஒருநாள் அந்தப் படங்குக்குக் கீழே ரத்தம் வழிந்து பாதத்துக்கு இறங்கியது. நானும் அட்டை என்றுதான் குனிந்து தேடினேன். அட்டை இல்லை. துணியை இரண்டாக மடித்து வைத்தும் தாங்காமல் மேலேயிருந்து வழிந்திருந்தது.

தேயிலையைக் கசக்கித் துடைத்துவிட்டேன். பக்கத்தில் பறித்தவள் பார்த்தபோது "அட்டை" என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அதன் பிறகு அதுவே வழக்கமாகிப் போனது. மலையில் எங்களுக்குக் கக்கூஸ் கிடையாது. துணி மாற்ற வேண்டுமென்றால் மறைவு தேட வேண்டும், காவலுக்கு ஒருத்தியைக் கூப்பிட வேண்டும், கங்காணிக்குப் பதில் சொல்ல வேண்டும். பழியை அட்டைமேல் போட்டுவிடுவது சுலபமாக இருந்தது. அட்டை வந்து மறுக்கவா போகிறது?

மூச்சு வாங்கத் தொடங்கியபோது தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். மருந்து கொடுப்பவர் ஆண். எனக்குப் பின்னால் ஒரு வரிசையே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. "தல சுத்துதுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் என் கண் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் கொறவா இருக்கு" என்று ரத்தம் ஊறுவதற்குக் குளிசை தந்தார். இருந்த ரத்தம் எங்கே போகிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பால் போடாத தேயிலைத் தண்ணியைச் சாயம் என்போம். காலைச் சாயத்தோடு ஒரு குளிசையை விழுங்கிவிட்டு மலைக்குப் போனேன். ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. மருந்துதான் சாப்பிடுகிறோமே என்று மனசு அடங்கிக் கிடந்தது.

அந்த மாதங்களில் எதுவும் என்மேல் ஒட்டவில்லை. என் வாய்க்குத் தோட்டத்தில் நல்ல பேர் உண்டு. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கங்காணி ஏதாவது குறைத்துவிட்டால் முதலில் சண்டைக்கு நிற்பவள் நான்தான். அந்தக் கங்காணியே, "என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்கும் அளவுக்கு ஊமையாகிவிட்டேன். மகள் வந்து, பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தேன் என்று சொன்னபோது "ம்" என்றேன். மாரியம்மன் தேர் எங்கள் லயத்து வாசலுக்கு வந்தபோதும், தீட்டுக்காரி என்று உள்ளேயே படுத்துக் கிடந்தேன். மேளச் சத்தம் சுவரில் அதிர்ந்தது. எழுந்து எட்டிப் பார்க்க ஆசையும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நான் வரவில்லை என்று அம்மன் ஒருத்தியாவது கவனித்திருப்பாள்.

திருவிழா முடிந்ததும் வெயில் பிடித்துக்கொண்டது. மண் புழுதியானது, புல் கருகியது, அட்டைகள் எங்கோ போய் ஒளிந்துகொண்டன. என் காலில் மட்டும் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

எனக்கு அடுத்த நெரையில் பறிக்கிற அக்கா உறவுக்காரி அல்ல. வருஷக்கணக்காக எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நெரை, அவ்வளவுதான். அன்றைக்கு அவள் பறிப்பதை நிறுத்திவிட்டு என் பாதத்தைப் பார்த்தாள்.

"என்ன புள்ள கால்ல?"

"அட்டக்கா."

அவள் கீழே கிடந்த புழுதியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இந்த வெயில்ல ஒனக்கு மட்டும் எங்கேர்ந்துடி வந்துச்சு அட்ட?"

அவள் என் கூடையை இறக்கி வைத்தாள். கையைப் பிடித்து ஒரு மரத்து மறைவுக்கு இழுத்துப் போய்ப் படங்கை அவிழ்த்துப் பார்த்தாள். துணி, பாவாடை எல்லாம் நனைந்து, ஈரல் துண்டு போல ரத்தம் கட்டிகட்டியாகக் கிடந்தது.

"எப்ப மாத்துன?"

"இப்பத்தான்க்கா. கொழுந்து நிறுத்துட்டு வரும்போது."

"அது நடந்து ஒரு மணி நேரந்தானடி இருக்கும்? எத்தன நாளா இப்படி?"

"தெரியலக்கா." உண்மையிலேயே தெரியவில்லை. எந்த நாளில் தொடங்கியது, இடையில் நின்றதா என்பதெல்லாம் குழம்பிப் போயிருந்தது. "நிக்கப் போற காலம்னு எல்லாரும் சொன்னாங்க."

"இப்படியே போனா அது நிக்காது. நீதான் நின்னுபோவ."

கங்காணி வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இவளுக்கு இன்னைக்கு அரைப் பேர் போடுறதுன்னா போட்டுக்கங்க, ஆள் செத்தா முழுப் பேருக்கும் ஆள் இல்ல" என்று அக்கா சொன்னாள். ஒரு நாள் சம்பளக் கணக்கைத்தான் நாங்கள் பேர் என்போம். வழக்கமாக நான் பேச வேண்டிய பேச்சு. அதை அவள் பேச நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கூப்பிட்டு வந்த ஆட்டோக்காரர் சீட்டில் ஓர் உரப்பையை விரித்து என்னை உட்காரச் சொன்னார். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை, அந்தப் பையைத் தாண்டிச் சீட்டு கறையாகிவிடக் கூடாதே என்பது ஒன்றுதான் என் கவலை.

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், சின்ன வயது. ரத்தம் எடுத்துப் பார்த்த பேப்பர் வந்ததும் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பேப்பரைப் பார்த்தார்.

"நீங்கள் நடந்தோ உள்ளுக்கு வந்தனீங்கள்?"

"ஆமாங்க. காலையில கொழுந்தும் எடுத்தேங்க."

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் உங்கட இதயம் தாங்கியிராது அம்மா" என்றார். அடுத்த லயத்துக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல் எனக்கு இருந்தது. நான் தலையாட்டினேன்.

கர்ப்பப்பையில் கட்டி. புற்றுநோய்க் கட்டி இல்லை, நிறையப் பெண்களுக்கு வருகிறதுதான் என்றார்கள். யாரோ கொடுத்த ரத்தம் பையிலிருந்து என் கைக்குள் இறங்கியது. அடுத்த நாள் டாக்டர் வந்து, முன்பு என்ன மருந்து சாப்பிட்டேன் என்று விசாரித்தார். குளிசையைச் சொன்னேன்.

"எதோட விழுங்கினனீங்கள்?"

"சாயத்தோடதாங்க."

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. "தேயிலை அந்த இரும்புச் சத்தை உடம்பில சேர விடாது அம்மா. இனிமேல் தேசிக்காய்த் தண்ணியோட போடுங்கோ. சாயத்தை ரெண்டு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கோ" என்றார். தேசிக்காய் என்று எலுமிச்சையைத்தான் சொன்னார். எங்கள் லயத்தில் கர்ப்பிணிகள் எல்லோரும் சாயத்தோடுதான் அந்தக் குளிசையை விழுங்குகிறார்கள். அதை நான் சொன்னதும் அவர் கட்டிலோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கும்படி சொன்னார். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் துணி நனைந்து மாற்ற வேண்டி வந்தால், ஒரு வாரத்துக்கு மேல் போனால், பெரிய பெரிய கட்டியாக விழுந்தால், இரண்டு தீட்டுக்கு நடுவில் ரத்தம் பட்டால், அதோடு மூச்சு வாங்கித் தலையும் சுற்றினால், வயதுதான் காரணம் என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. ஒன்று இருந்தாலே வந்து காட்ட வேண்டும். டாக்டர் ஆணோ பெண்ணோ, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எனக்கு எல்லாமே இருந்தது. அதைச் சொன்னபோதும் என் குரலில் ஒன்றும் இல்லை.

பிறகு ஆபரேஷன் செய்து கட்டியோடு கர்ப்பப்பையையும் எடுத்தார்கள். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அக்கா கஞ்சி கொண்டுவந்தாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

உடம்பு தேறிய பிறகு ஒருநாள் கிளினிக்குக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பினேன். ரோட்டிலிருந்து லயத்துக்குச் செங்குத்தான ஏற்றம். வீட்டு வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் நான் எங்கும் நிற்காமல் ஏறி வந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. நெஞ்சு அடிக்கவில்லை. கண் இருட்டவில்லை. இப்படித்தான் எல்லோரும் நடக்கிறார்களா? அப்படியானால் இத்தனை நாளாய் நான் எப்படி நடந்தேன்? வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் முடிந்து இத்தனை நாள் கழித்து, அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னைப் பார்த்தாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல. பயமா இருக்கு."

"இப்ப என்னம்மா பயம்? அதான் எல்லாம் சரியாயிருச்சே."

"செத்துப் போயிருப்பேன்டி."

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல், காலில் இருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்குத் தெரியும்மா. நீங்க தூங்குனப்பறம் மூக்குகிட்ட கைய வச்சு மூச்சு வருதான்னு பாத்துட்டுத்தான் நான் தெனமும் படுப்பேன்."